சிறிய விமானத்தில் சக்கரம் இறங்க மறுக்கும்போது: புதிய விமானிகளுக்கு ஒரு வழிகாட்டி

சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும் சிறிய விமானத்தில் பயிற்சி தொடங்கும் ஒருவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சக்கரம் இறங்கவில்லை என்பதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அது அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்தை உண்டாக்கும் கோளாறு அன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, இறக்கைகள் விமானத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன, தொட்டியில் எரிபொருள் இருக்கிறது. நடுவானில் எஞ்சின் நின்றுபோனால் நொடிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். இங்கே எரிபொருள் உள்ளவரை யோசிப்பதற்கு நேரம் இருக்கிறது. சக்கரம் இல்லாமல் வயிற்றுப் பகுதியால் ஓடுபாதையில் உரசி நின்ற சிறிய விமானங்களிலிருந்து உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் தாமே கதவைத் திறந்துகொண்டு நடந்து வெளியே வந்திருக்கிறார்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சக்கரம் இறங்கியதைக் காட்ட வேண்டிய, ஆனால் எரியாத விளக்கையே பார்த்துக்கொண்டு விமானத்தை ஓட்ட மறப்பது, சரிசெய்யும் முயற்சியில் எரிபொருள் தீர்வதைக் கவனிக்காமல் விடுவது, ப்ரொப்பெல்லரைக் காப்பாற்றும் ஆசையில் தரைக்கு அருகே எஞ்சினை அணைப்பது ஆகிய மூன்றும்தான் ஆளைக் கொல்லும்.

இந்தக் கட்டுரை பொதுவான ஒழுங்கைச் சொல்கிறது. உங்கள் விமானத்துக்கான கையேட்டில் அவசரகால நடைமுறைகள் என்ற பகுதி, பெரும்பாலான தற்காலக் கையேடுகளில் மூன்றாவது பகுதியாக, இருக்கும். இங்கே சொல்லப்படுவதும் அங்கே அச்சிடப்பட்டிருப்பதும் முரண்பட்டால் கையேட்டையே பின்பற்ற வேண்டும்.

உங்கள் விமானத்தின் சக்கரம் எதனால் இயங்குகிறது

கோளாறைக் கையாள்வது தரையில், சாவகாசமாக உட்கார்ந்து படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. சக்கரத்தை மேலே பிடித்து வைத்திருப்பது எது, கீழே இறங்கியபின் பூட்டி வைப்பது எது, மின்சாரம் போய்விட்டால் என்ன நடக்கும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் கையேட்டைத் திறக்காமல் பதில் சொல்லும் அளவுக்கு நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவசரகாலப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர், பட்டியலில் இல்லாத ஒரு நிலை வந்தவுடன் திகைத்து நின்றுவிடுவார்.

சிறிய விமானங்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பு, மின்மோட்டாரால் இயங்கும் ஹைட்ராலிக் பம்பு, அதாவது எண்ணெயை அழுத்தி அதன் விசையால் சக்கரத்தை நகர்த்தும் பம்பு. பைப்பர் ஆரோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் சக்கரங்களை மேலே நிறுத்தி வைத்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம் மட்டுமே. கொக்கி போன்ற பூட்டு மேலே கிடையாது. ஆகவே அழுத்தத்தை விடுவித்துவிட்டால் சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே விழுந்துவிடும், மூக்குச் சக்கரத்துக்கு ஒரு ஸ்பிரிங் துணை செய்யும். குழாயில் கசிவு ஏற்பட்டு எண்ணெய் முழுவதும் வெளியேறினாலும் இந்த விமானத்தின் சக்கரம் இறங்கும் பக்கமே சாய்ந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட விமானிக்குப் பாதி பதற்றம் அப்போதே தணிந்துவிடும்.

சக்கரங்கள் மடங்கும் செஸ்னா ஒற்றை எஞ்சின் விமானங்களிலும் ஹைட்ராலிக் அமைப்புதான், ஆனால் அவற்றில் முதன்மைச் சக்கரங்கள் பின்னோக்கி மடங்கி உடற்பகுதிக்குள் செல்வதால், எடை மட்டும் அவற்றைக் கீழே கொண்டுவந்து பூட்டிவிடாது. முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கைப்பம்பை அடித்து அழுத்தத்தை உண்டாக்க வேண்டும். கைப்பம்பு வேலை செய்யக் கொஞ்சமாவது எண்ணெய் எஞ்சியிருக்க வேண்டும் என்பதால், இந்த வகையில் எண்ணெய்க் கசிவு மிகவும் கவனிக்க வேண்டிய குறை. பீச்கிராஃப்ட் பொனான்ஸாவிலோ ஹைட்ராலிக் எண்ணெயே சக்கரத்தை நகர்த்துவதில்லை. மின்மோட்டார் ஒன்று பற்சக்கரங்களின் வழியாகத் தண்டுகளைத் தள்ளுகிறது. மோட்டார் பழுதானால் முன் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கைப்பிடியைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஏறத்தாழ 50 சுற்றுகள் சுற்ற வேண்டும். பழைய மூனி விமானங்களில் விமானி கையாலேயே ஒரு நீண்ட நெம்புகோலை நகர்த்திச் சக்கரத்தை இறக்கிப் பூட்டுவார். இரட்டை எஞ்சின் விமானங்கள் சிலவற்றில் அழுத்தப்பட்ட வாயு அடைத்த புட்டி ஒன்று இருக்கும். அதை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும்.

உங்கள் பயிற்றுநரிடம் அவசரகால இறக்கு முறையை ஒருமுறையாவது வானில் உண்மையாகவே செய்து காட்டும்படி கேளுங்கள். கைப்பிடி எந்தப் பக்கம் திரும்புகிறது, அதை எட்டுவதற்கு உடலை எவ்வளவு வளைக்க வேண்டும், அப்படி வளையும்போது விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பனவெல்லாம் கையால் செய்து பார்த்தால்தான் விளங்கும்.

விளக்கு எரியவில்லை: முதல் ஒரு நிமிடம்

வழக்கமாக இந்தக் கோளாறு ஓடுபாதையைச் சுற்றிவரும் சுற்றில், இறங்குவதற்குச் சில நிமிடங்களே இருக்கும்போது வெளிப்படும். சக்கரத்தை இறக்கும் நெம்பைக் கீழே தள்ளுகிறீர்கள். சக்கரத்துக்கு ஒன்றாக, அது இறங்கிப் பூட்டியதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகள் எரிய வேண்டிய இடத்தில் இரண்டே எரிகின்றன, அல்லது ஒன்றுமே எரியவில்லை. அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: இறங்கும் முயற்சியைக் கைவிட்டு, வேகத்தைச் சீராக்கி, மேலே ஏறி, சுற்றிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். ஓடுதளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருந்தால் சக்கர விளக்கில் சிக்கல், சரிபார்க்க இடம் வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். அவர்கள் உயரமும் திசையும் தருவார்கள். கோபுரம் இல்லாத ஓடுதளமாயின் அதே செய்தியை அந்த அலைவரிசையில் அறிவித்துவிட்டு, மற்ற விமானங்கள் வராத பக்கமாக விலகிக்கொள்ளலாம்.

தரையிலிருந்து 3,000 அடி அளவில் நேராகவும் மட்டமாகவும் பறக்கும் நிலைக்கு வந்த பிறகே, விமானத்தைத் தானே ஓட்டும் தானியங்கி இருந்தால் அதைப் போட்ட பிறகே, விளக்கின் பக்கம் கண் திரும்ப வேண்டும். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1972 டிசம்பர் 29 அன்று இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் எண் விமானம் மியாமியில் இறங்க வந்தபோது மூக்குச் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடி உயரத்தில் தானியங்கியிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு, விமானி அறையில் இருந்த அனைவரும் அந்த விளக்கின் மீதே கவனம் செலுத்தினார்கள். உயரத்தைக் காக்கும் இணைப்பு விடுபட்டு விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்ததை எவரும் கவனிக்கவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அது மோதியதில் 101 பேர் இறந்தார்கள். மூக்குச் சக்கரம் சரியாகவே இறங்கிப் பூட்டியிருந்தது. எரிந்துபோயிருந்தவை விளக்கின் பல்புகள் மட்டுமே. அது பெரிய விமானம், மூன்று அனுபவசாலிகள் ஓட்டியது. தனியாகச் சிறிய விமானத்தை ஓட்டும் ஒருவருக்கு இந்தப் பாடம் இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

உடன் ஒருவர் இருந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாவிட்டாலும் கையேட்டை வாசித்துக் காட்டவும், உயரமானியின் முள் நகர்ந்தால் சொல்லவும், கைப்பிடியைச் சுற்றவும் அவரால் முடியும்.

விளக்கா, சக்கரமா

இப்போது கேள்வி இதுதான்: கெட்டுப்போனது சக்கரமா, அல்லது சக்கரத்தைப் பற்றிச் சொல்லும் விளக்கா? எளிய காரணங்களை முதலில் விலக்குவதே முறை.

நெம்பு உண்மையிலேயே முழுவதுமாகக் கீழே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். மாஸ்டர் சுவிட்ச் போட்டிருக்கிறதா, மின்னோட்டமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் எப்போதோ நின்றுபோய், மின்கலமும் காலியாகிவிட்டால், பம்பும் ஓடாது, விளக்கும் எரியாது. அப்போது நீங்கள் எதிர்கொண்டிருப்பது சக்கரக் கோளாறு அன்று, மின்கோளாறு. வானொலியும் மங்கத் தொடங்கியிருந்தால் இந்த ஐயம் உறுதிப்படும். அந்த நிலையில் தேவையில்லாத மின்கருவிகளை அணைத்துவிட்டு நேராக அவசரகால இறக்கு முறைக்குச் செல்வது நல்லது.

அடுத்து, பகல் நேரத்தில் விளக்குகளின் ஒளி மங்கலாக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பைப்பர் ஆரோ போன்ற விமானங்களில் இரவில் கண் கூசாமல் இருப்பதற்காக, கருவிப் பலகை விளக்குக்கான சுவிட்சைப் போட்டவுடன் பச்சை விளக்குகள் தாமாகவே மங்கிவிடும். நல்ல வெயிலில் அந்த மங்கல் ஒளி கண்ணுக்கே தெரியாது. மூன்றும் அணைந்துவிட்டது போலத் தோன்றும். சுவிட்சை அணைத்ததும் மூன்று பச்சையும் பளிச்சென்று தெரிந்து, கதை அங்கேயே முடிந்துபோவது உண்டு.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பை மாற்றிப் பாருங்கள். பல விமானங்களில் இந்தச் சிறு விளக்குக் கூடுகளைக் கையாலேயே வெளியே இழுக்க முடியும். எரிகின்ற ஒன்றையும் எரியாத ஒன்றையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இருட்டு பல்புடன் சேர்ந்து இடம் மாறினால் பல்புதான் பழுது. இருட்டு அதே இடத்தில் நின்றால் ஐயம் சக்கரத்தின் மீதோ, அதன் சுவிட்சின் மீதோ, இடையில் ஓடும் கம்பியின் மீதோ விழுகிறது. இதைச் செய்யும்போது ஒரு கை எப்போதும் கட்டுப்பாட்டுப் பிடியில் இருக்க வேண்டும். பல்பு நழுவிக் காலடியில் உருண்டுவிட்டால் குனிந்து தேடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். சில செஸ்னா விமானங்களில் மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பச்சை விளக்குதான் இருக்கும் என்பதால் இந்தச் சோதனை அங்கே உதவாது; மாறாக, இறக்கை மேலே இருப்பதால் முதன்மைச் சக்கரங்களைச் சன்னல் வழியாகக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை ஒலியும் ஒரு சாட்சி. பூட்டாத சக்கரத்துடன், எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை நன்றாகக் குறைத்தால் ஒலிப்பான் கத்தும். பாதுகாப்பான உயரத்தில் சற்று நேரம் த்ராட்டிலைக் குறைத்துப் பாருங்கள். ஒலி வரவில்லை, பல்பை மாற்றினால் பச்சை எரிகிறது என்றால் சக்கரம் பூட்டியிருப்பதாக நம்பலாம். ஒலி தொடர்ந்து கேட்டால் சக்கரம் பூட்டவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சர்க்யூட் பிரேக்கர்கள்

மின்னோட்டம் அளவு மீறினால் தாமாகத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கர்களில் சக்கரத்துக்கானவை எவை, பலகையில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருங்கள். பம்பு மோட்டாருக்கு ஒன்றும், விளக்கு மற்றும் கட்டுப்பாட்டுக்கு மற்றொன்றும் இருப்பது வழக்கம். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பிரேக்கரை, கையேடு அனுமதித்தால், ஆற விட்டு ஒரே ஒரு முறை உள்ளே அழுத்தலாம். மறுபடியும் வெளியே குதித்தால் விட்டுவிட வேண்டும், ஏனெனில் மீண்டும் மீண்டும் அழுத்துவது பழுதான கம்பியில் நெருப்பை வரவழைப்பதாகும்.

பிரேக்கரைக் கண்ணால் பார்ப்பது போதாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். 2011 நவம்பர் 1 அன்று நியூவார்க்கிலிருந்து வார்சாவுக்கு வந்த போலந்து நாட்டின் லாட் நிறுவன போயிங் 767, ஹைட்ராலிக் அமைப்புகளில் ஒன்றை இழந்ததால் வழக்கமான முறையில் சக்கரத்தை இறக்க இயலாமல், மாற்று முறையும் பலிக்காமல், வயிற்றுப் பகுதியால் இறங்கியது. விமானி ததேயுஷ் வ்ரோனா அதை அவ்வளவு நயமாக இறக்கியதால் அதிலிருந்த 231 பேரும் உயிர் பிழைத்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது மாற்று முறைக்கு மின்சாரம் தரும் வழியில் ஒரு பிரேக்கர் திறந்திருந்தது தெரியவந்தது. விமானத்தைத் தூக்கி நிறுத்தி அந்தப் பிரேக்கரை அழுத்தியதும் சக்கரங்கள் இறங்கின.

அவசரகால முறையால் இறக்குதல்

மேலே சொன்ன எதுவும் பலன் தரவில்லை என்றால் கையேட்டின் பட்டியலைத் திறந்து மடியில் வையுங்கள். நினைவிலிருந்து செய்ய வேண்டாம், நேரம் இருக்கிறது. நெம்பைத் திரும்பத் திரும்ப மேலும் கீழும் தள்ளிப் பார்க்கும் ஆசை வரும், அதற்கு இடங்கொடுக்கக் கூடாது. பாதி இறங்கிய நிலையில் சிக்கியிருக்கும் சக்கரத்தை அது மேலும் இறுக்கிவிடலாம், எண்ணெய் கசிந்துகொண்டிருந்தால் மீதமுள்ள எண்ணெயையும் வெளியேற்றிவிடலாம்.

முதலில் வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் சக்கரத்தை இறக்குவதற்கான உச்ச வேகம் ஒன்று உண்டு. அவசரகால முறைக்கு அதைவிடவும் குறைந்த வேகத்தைக் கையேடு கேட்பது வழக்கம். ஆரோவின் ஒரு மாதிரியில் வழக்கமாக இறக்க 129 நாட் (மணிக்கு 129 கடல்மைல்) வரை அனுமதி உண்டு, அவசரமாக இறக்கும்போதோ 87 நாட்டுக்குக் கீழே வரச் சொல்கிறது கையேடு. முன்பக்கம் நோக்கி இறங்கும் மூக்குச் சக்கரத்தை எதிர்க்காற்று பின்னால் தள்ளுவதே இதற்குக் காரணம். வேகம் குறையக் குறைய அந்தத் தள்ளலும் தளரும்.

பிறகு நெம்பைக் கீழ் நிலையில் வைத்துவிட்டு, உங்கள் விமானத்துக்குரிய செயலைச் செய்யுங்கள். அழுத்தத்தை விடுவிக்கும் நெம்பு என்றால் அதைக் கையேடு சொல்லும் நேரம் வரை பிடித்திருங்கள். கைப்பம்பு என்றால் கைப்பிடி கனத்து நகர மறுக்கும் வரை அடியுங்கள்; இலகுவாகவே போய்க்கொண்டிருந்தால் எண்ணெய் இல்லை என்று பொருள். சுற்றும் கைப்பிடி என்றால் முதலில் மோட்டாருக்கான பிரேக்கரை வெளியே இழுத்துவிட வேண்டும். இதை மறந்தால், நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது மோட்டார் திடீரென உயிர் பெற்று, கைப்பிடி வேகமாகச் சுழன்று மணிக்கட்டை உடைத்துவிடக்கூடும். பொனான்ஸாவில் இந்தக் கைப்பிடி உடலுக்குப் பின்னால் இருப்பதால், தோளைத் திருப்பிச் சுற்றுகையில் மறுகை அறியாமல் கட்டுப்பாட்டை இழுத்துவிடும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, நிமிர்ந்து, வேகத்தையும் உயரத்தையும் இறக்கையின் மட்டத்தையும் பார்த்துவிட்டுத் தொடருங்கள். சுற்றுகள் முடிவை நெருங்கும்போது கை கனக்கும்; அது முடிந்துவிட்டதன் அடையாளம் என்று எண்ணிப் பாதியில் விடாமல், இனிச் சுற்றவே முடியாது என்ற நிலை வரை சுற்ற வேண்டும்.

சக்கரம் இறங்கியும் பூட்டவில்லை என்றால், சுக்கான் மிதியால் விமானத்தின் மூக்கை இடமும் வலமும் அசைத்துப் பார்க்கும்படி சில கையேடுகள் சொல்கின்றன. மெதுவாக மூக்கைத் தூக்கி உடலின் எடை சற்றுக் கூடுவது போன்ற நிலையை உண்டாக்குவதும் பூட்டைப் போட வைக்கலாம். இவற்றை உயரத்தில், விமானத்தின் கட்டமைப்பு தாங்கும் வேகத்துக்குள் மட்டுமே செய்ய வேண்டும். ஒரு சக்கரத்தை ஓடுபாதையில் தட்டி மற்றதை உலுக்கி இறக்கும் வித்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதியவர் அதை முயலவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்று பச்சையும் எரிந்துவிட்டால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக மறுபடி மேலே மடக்க வேண்டாம். இறங்கிய சக்கரத்தை இறங்கியபடியே வைத்துக்கொண்டு தரைக்கு வாருங்கள். புறப்பட்டபின் சக்கரம் மேலே மடங்க மறுக்கும் நிலைக்கும் இதே விதிதான்: கீழ் நிலையிலேயே விட்டு, பூட்டியிருப்பதை உறுதிசெய்து, திரும்பி வந்து இறங்கிவிடுங்கள்.

எரிபொருளுக்கு ஒரு கோடு போடுங்கள்

முயற்சியைத் தொடங்கும் முன்பே கடிகாரத்தையும் எரிபொருளையும் பார்த்து, எந்த நேரம் ஆனதும் என்ன நிலையாக இருந்தாலும் இறங்கப் போகிறோம் என்று முடிவு செய்து காகிதத்தில் எழுதிவிடுங்கள். 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லாந்தை நெருங்கிய யுனைடெட் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானத்தில், சக்கரம் இறங்கும்போது வழக்கத்துக்கு மாறான பெரும் அதிர்வு கேட்டது. அதை ஆராய்ந்தபடியும் பயணிகளைத் தயார்செய்தபடியும் விமானக் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எஞ்சினாக எரிபொருளின்றி நின்று, விமானம் ஓடுபாதையை எட்டாமல் புறநகரில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். விமானக் குழுவினர் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும், ஒருவர் கண்டதை எப்படி அழுத்திச் சொல்ல வேண்டும் என்று முறையாகப் பயிற்றுவிக்கும் வழக்கம் வேரூன்றியதற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

எரிபொருளை ஓரளவு எரித்துக் குறைப்பதில் பயன் உண்டு. எடை குறைந்தால் இறங்கும் வேகம் குறையும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறையும். ஆனால் ஒருமுறை இறங்க வந்து, பிடிக்காமல் மேலே ஏறி, மறுபடி சுற்றி வருவதற்குத் தேவையான அளவு கட்டாயம் மீதி இருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் உதவி கேளுங்கள். கோளாறு உறுதியானவுடன் அவசர நிலையைக் குறிக்கும் பான்-பான் என்ற அழைப்பை மூன்று முறை சொல்லி அறிவிப்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். கோபுரம் இல்லாத இடத்தில் அவசரகாலத்துக்கான 121.5 அலைவரிசை இருக்கிறது, ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரநிலைக் குறியான 7700 என்று வைக்கலாம். கோபுரத்தின் அருகே தாழப் பறந்து சக்கரத்தைப் பார்க்கச் சொல்லலாம், ஆனால் அதன் வரம்பை உணர்ந்திருக்க வேண்டும். கீழே இருப்பவர் சக்கரம் இறங்கியிருப்பது போலத் தெரிகிறது என்று மட்டுமே சொல்ல முடியும். பூட்டியிருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. உங்கள் விமான வகையை அறிந்த இயந்திர வல்லுநர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் சொல்வதை உங்களுக்கு வானொலியில் சொல்லும்படி கேட்பது பல நேரங்களில் அதைவிடப் பயனுள்ளது.

வயிற்றால் இறங்குவது என்று முடிவானால்

நீண்ட, அகலமான, கெட்டியான ஓடுபாதையும் தீயணைப்பு வண்டியும் உள்ள இடத்தை, வெளிச்சம் இருக்கும்போதே தேர்ந்தெடுங்கள். புல்தரை மென்மையாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் மண்ணில் ஏதாவது ஒரு பகுதி குத்திக்கொண்டால் விமானம் சட்டென்று நிற்கும் அல்லது திரும்பிக்கொள்ளும், கெட்டியான தளத்திலோ அது நேராக வழுக்கிச் செல்லும். எனவே கையேடு வேறு சொல்லாதவரை கெட்டியான தளமே நல்லது.

உடன் இருப்பவர்களிடம் நடக்கப்போவதை மறைக்காமல், குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். வார்களை இறுக்கச் சொல்லுங்கள், தளர்வான பொருள்களைப் பையில் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், கூரிய பொருள்களைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், மடித்த மேலாடையை முகத்துக்கு முன் பிடிக்கச் சொல்லுங்கள். நின்றவுடன் எந்தக் கதவால், யார் முதலில் இறங்கி, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடற்பகுதி சற்று நெளிந்தாலும் கதவு சிக்கிக்கொள்ளும் என்பதால், கடைசிக் கட்டத்தில் கதவின் தாழ்ப்பாளை விடுவித்து வைக்கும்படி பல கையேடுகள் கூறுகின்றன.

இறங்குவழி முழுவதும் வழக்கமான வேகத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வர வேண்டும். எஞ்சினை அணைத்து, ப்ரொப்பெல்லரைக் கிடைமட்டமாக நிறுத்தி, அது உடையாமல் காப்பாற்றலாம் என்ற எண்ணம் எத்தனையோ பேரைக் கவர்ந்திருக்கிறது. அதற்காகக் கவனம் முழுவதும் மூக்கின் முன் சுழலும் தகட்டுக்குப் போய்விடும். வேகம் குறைந்து விமானம் சரியும், அல்லது ஓடுபாதையை எட்டாமல் விழும், மறுபடி ஏறும் வழியும் அடைபட்டிருக்கும். ப்ரொப்பெல்லரும் எஞ்சினும் பணத்தால் ஈடுசெய்யக்கூடியவை. ஓடுபாதை நிச்சயமாகக் கைக்குள் வந்தபின், தரைக்கு மேல் மட்டப்படுத்தும் நேரத்தில் த்ராட்டிலை மூடி, கையேடு சொல்லும் இடத்தில் மிக்ஸ்சரை வெட்டி, எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்தினால் போதும்.

சக்கரங்கள் வெளியே இல்லாததால் காற்றின் எதிர்ப்பு குறைவு. வழக்கத்தைவிட நெடுந்தூரம் தரைக்கு மேலே மிதந்துகொண்டே போவீர்கள். தரை இன்னும் வரவில்லையே என்று முன்னால் தள்ளிவிடாதீர்கள். இறக்கைகளை மட்டமாக வைத்து, பொறுமையாகப் பின்னால் இழுத்தபடி, முடிந்தவரை குறைந்த வேகத்தில் அதுவாகவே படிய விடுங்கள். முதலில் ப்ரொப்பெல்லர் நுனி தரையில் அடிக்கும் பட்பட் ஒலி, உடனே உலோகம் தார்த்தளத்தில் உரசும் நீண்ட பேரொலி, ரப்பரும் வண்ணமும் கருகும் வாடை; எதிர்பாராதவருக்கு இது விமானமே பிளப்பது போல் இருக்கும், ஆனால் பெரும்பாலும் சில நூறு அடிகளில் அது நின்றுவிடும். உரசத் தொடங்கியபின் எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி மேலே ஏற முயலாதீர்கள். சக்கரத்தை இறக்க மறந்து வந்து, உரசும் ஒலி கேட்டுத் திடுக்கிட்டு த்ராட்டிலைத் தள்ளுபவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: நுனி வளைந்த ப்ரொப்பெல்லர் போதிய இழுவையைத் தராது, அதிர்வில் எஞ்சினே கழன்றுபோகலாம். வழுக்கும்போதே எரிபொருள் வால்வு, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோ, மாஸ்டர் சுவிட்ச் மூன்றையும் அணைத்துவிட்டு, நின்றவுடன் வெளியேறுங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சிக்கிக்கொண்டால்

மூக்குச் சக்கரம் மட்டும் இறங்கவில்லை என்றால் நிலைமை எளிது. முதன்மைச் சக்கரங்களில் இறங்கி, கட்டுப்பாட்டைப் பின்னால் இழுத்தபடி மூக்கை முடிந்த மட்டும் காற்றிலேயே தாங்கி, மூக்கு தானாகத் தாழும் முன் எஞ்சினை அணைத்து, பிரேக்கைத் தொடாமல் ஓட விட வேண்டும். எடைச் சமநிலை வரம்புக்குள் இருக்குமானால் பயணியைப் பின் இருக்கைக்கு அனுப்புவதும் உதவும்.

முதன்மைச் சக்கரங்களில் ஒன்று மட்டும் இறங்கியிருப்பதுதான் கடினமான நிலை. முடிந்தால் அனைத்தையும் மேலே மடக்கிவிட்டு முழு வயிற்றால் இறங்குவது, ஒற்றைக் காலில் நின்று சுழன்று ஓடுபாதையை விட்டு வெளியே போவதைவிட நல்லது. பல கையேடுகள் இதையே பரிந்துரைக்கின்றன. மடக்க முடியாவிட்டால், குறையுள்ள பக்கத்துத் தொட்டியின் எரிபொருளைப் பயன்படுத்தி அந்த இறக்கையை இலேசாக்குங்கள். இடச் சக்கரம் இல்லையென்றால் ஓடுபாதையின் வலப் பக்கமாக இறங்குங்கள், ஏனெனில் இறக்கை தாழ்ந்ததும் விமானம் இடப் பக்கமே இழுக்கும். தரையைத் தொட்டபின், இறக்கைகளைச் சாய்க்கவும் உயர்த்தவும் உதவும் எய்லரானை மெல்ல மெல்ல முழுவதும் திருப்பி, வேகம் உள்ளவரை அந்த இறக்கையை உயர்த்திப் பிடித்திருங்கள். அது விழும் நேரத்தில் எதிர்ப்பக்கச் சுக்கானும் பிரேக்கும் நேராக வைத்திருக்க உதவும்.

சக்கரம் மடங்காத விமானம் ஓட்டுபவர்களுக்கும் இதே சிந்தனை பயன்படும். புறப்படும்போது ஒரு டயர் வெடித்ததாகத் தெரிந்தால், காற்றுள்ள டயரின் பக்கமாகச் சாய்த்து இறங்கி, பழுதான பக்கத்தின் மீது எடை விழுவதைத் தள்ளிப்போட வேண்டும். மூக்குச் சக்கரத்து டயர் என்றால் மூக்கை உயர்த்திப் பிடித்திருப்பதுதான் வழி. பிரேக் மிதி தளர்ந்துபோயிருந்தால் பலமுறை மிதித்துப் பார்த்து, அப்போதும் பயனில்லையெனில் மிக நீண்ட ஓடுபாதைக்குச் செல்லுங்கள்.

நின்ற பிறகு

அவசரகால முறையால் சக்கரத்தை இறக்கி நல்லபடியாகத் தரையைத் தொட்டிருந்தாலும், ஓடுபாதையிலேயே நேராக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். வளைந்து திரும்பும்போது ஏற்படும் பக்கவாட்டு விசையில், சரியாகப் பூட்டாத சக்கரம் மடங்கிவிடலாம். சக்கர நெம்பைத் தொடாதீர்கள். பழுது பார்ப்பவர்கள் சக்கரக் கால்களைப் பத்திரப்படுத்திய பிறகே விமானத்தை இழுத்துச் செல்ல வேண்டும். எந்த விளக்கு எப்போது எரிந்தது, எந்தப் பிரேக்கர் வெளியே இருந்தது, கைப்பம்பில் எதிர்ப்பு இருந்ததா என்பனவற்றை நினைவு புதிதாக இருக்கும்போதே எழுதி அவர்களிடம் கொடுங்கள். மறைந்து மறைந்து வரும் சுவிட்ச் கோளாறுகளைக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்புதான் அவர்களுக்குத் துணை. விமானத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களை வழக்கமான முறையிலும் அவசரகால முறையிலும் பலமுறை இறக்கி ஏற்றிப் பார்த்து, காரணம் இன்னது என்று எழுத்தில் வந்த பிறகே அது மறுபடி பறக்கலாம். ப்ரொப்பெல்லர் தரையில் அடித்திருந்தால், எஞ்சின் வெளியே பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைப் பிரித்துச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது.